ஓட்டு நம்மிடம், வாக்கு யாரிடம்?

விஸ்வநத்தத்தில் ஒரு சாயங்காலம். பயர் ஆபீஸ் வேன் ஆட்களை இறக்கிவிட்டுப் போய் அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவங்களோடு நாங்கள் நாலைந்து பேர் தெருவில் உட்கார்ந்திருந்தோம். வேலை முடிந்து வந்த பெண்கள் முகம் கழுவிவிட்டு வந்து சூழ்ந்து நின்றார்கள். விரல் இடுக்கில் அலுமினியப் பொடியின் மினுமினுப்பு போகவில்லை. எங்களோடு முதன்முறையாக வந்திருந்த கல்லூரித் தம்பி ஒருவர் உற்சாகமாகத் தொடங்கினார்: "உங்க வாக்குரிமையை யாருக்காகவும் விட்டுக் குடுத்துறாதீங்க."

"என்னத்த தம்பி?" என்று கேட்டார் ஓர் அக்கா.

"வாக்குரிமைக்கா. ஓட்டுப் போடுற உரிமை."

"அப்ப ஓட்டுன்னு சொல்லு. ஓட்டு இருக்கு, போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். வாக்குன்னா நாம ஒன்னு சொன்னா நாலு பேரு கேக்கணும்ல. அது எங்க இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்துவிட்டுப் படிவங்களை நிரப்பினோம். திரும்பி வரும்போது மட்டும் எங்களில் யாருக்கும் பேச்சு வரவில்லை. துண்டறிக்கையிலும் மேடையிலும் ஆயிரம் முறை எழுதிய, பேசிய சொல் அது. அதன் பொருளை அந்த அக்கா இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

இந்தக் கட்டுரை அந்தச் சொல்லைப் பற்றியது. 'வாக்குரிமை' என்ற சொல்லை இன்று இரண்டு தரப்பினர் சுருக்குகிறார்கள். ஒரு தரப்பு அதை 'ஜனநாயகக் கடமை' ஆக்கிவிட்டது. இன்னொரு தரப்பு அதை 'காசு வாங்கிக்கொண்டு போடும் ஓட்டு' என்று ஏளனம் செய்கிறது. இரண்டு தரப்புக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டுமே நம் வாயை அடைக்கும் வேலைதான்.

வாக்கு என்பது யாருடையது?

'ஓட்டு' ஆங்கிலத்தில் இருந்து வந்து நம் தெருவில் தங்கிய சொல். அதில் ஒரு குறையும் இல்லை. பஸ்ஸும் ரேஷனும் அப்படி வந்தவைதான். ஆனால் 'வாக்கு' என்பது வெறும் சீட்டு இல்லை. வாக்கு கொடுத்தான், வாக்குத் தவறினான், வாக்குச் சுத்தம், அருள்வாக்கு, பெரியவர் வாக்கு. எந்தப் பயன்பாட்டை எடுத்தாலும், கேட்பவர் மதித்து நடக்க வேண்டிய பேச்சு என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் பேச்சு உண்டு. வாக்கு மட்டும் சிலருக்கே இருந்தது. சேரிக்காரர் சொன்னால் அது 'சொன்னான்'. ஊர்க்காரர் சொன்னால் அது 'வாக்கு'.

'சாவடி' என்ற சொல்லையும் பாருங்கள். தென்மாவட்டக் கிராமங்களில் ஊர்ச்சாவடி என்பது ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து வழக்குப் பேசிய இடம். நம் பாட்டன்மார் அங்கே கைகட்டி, துண்டை இடுப்பில் கட்டி, கீழே நின்று தீர்ப்பைக் கேட்டவர்கள். ஏறி உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவர்கள் அல்லர். தேர்தல் வந்தபோது அந்தச் சாவடியோடு வாக்கு சேர்ந்து 'வாக்குச்சாவடி' ஆனது. ஊர்ச்சாவடியில் ஏற முடியாதவர் ஊர்க்காரரோடு ஒரே வரிசையில் நின்று, ஒரே மையை விரலில் வாங்கி, ஒரே பெட்டியில் சீட்டைப் போட்டார். 1952-இல் அது எத்தனை பேர் வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வாக்குச்சாவடியைச் சேரியில் வைப்பதா ஊருக்குள் வைப்பதா என்ற சண்டை இன்றும் ஓயாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

பட்டாசுப் பகுதியில் வேலை செய்யும் எங்களுக்கு இன்னொன்றும் தெரியும். இங்கே ஒரு கூலித் தொழிலாளியின் வாக்கை அரசு அதிகாரி ஒருவர் மரியாதையோடு கேட்டுப் பதிவு செய்யும் இடங்கள் இரண்டுதான். ஒன்று வாக்குச்சாவடி. இன்னொன்று தீக்காயப் பிரிவு. வெடி விபத்தில் கருகியவர் பிழைக்கமாட்டார் என்று தெரிந்ததும் நீதித்துறை நடுவர் வருவார். நினைவு தெளிவாக இருக்கிறதா என்று மருத்துவர் சான்று கொடுப்பார். சொல்வது சொன்னபடியே எழுதப்படும். அதன் பெயர் மரண வாக்குமூலம். எந்த அறையில் எத்தனை பேரை உட்கார வைத்தார்கள், என்ன மருந்தை எங்கே கலக்கச் சொன்னார்கள் என்று அவர் உயிரோடு, நலமாக இருந்த நாளில் சொல்லியிருந்தால் யாராவது எழுதியிருப்பார்களா? 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் அத்தனை உயிர்கள் போன பிறகுதானே அறைக்குள் ஆட்களின் எண்ணிக்கையும் மருந்தின் அளவும் பேச்சானது?

உயிரோடு இருக்கும்போதே நம் வாக்கு வாக்காக மதிக்கப்பட வேண்டும். வாக்குரிமை என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் இதைவிடக் குறைந்த பொருளை நாங்கள் ஏற்கமாட்டோம்.

'கடமை' என்று சொல்பவர்களுக்கு

தேர்தல் நெருங்கினால் கல்லூரிகளில் கோலப்போட்டி, மனிதச் சங்கிலி, உறுதிமொழி. 'வாக்களிப்பது நம் கடமை' என்று பதாகை. நம் தம்பி தங்கைகளும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களைக் கேட்கிறோம்: உரிமை எப்போது கடமையானது?

சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் 'கடமை' என்ற சொல் அடிக்கடி வரும். அங்கே அதன் பொருள் நிலவரி. உழுதவன் அரசுக்குச் செலுத்த வேண்டியது கடமை. ஓட்டையும் அப்படி ஒரு வரியாக மாற்றிவிட்டார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரிசையில் நின்று செலுத்திவிட்டுப் போய்விட வேண்டும். வரி கட்டியவன் ரசீதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். உரிமை உள்ளவனோ உள்ளே வந்து உட்கார்ந்து கணக்குக் கேட்பான். நமக்கு ரசீதுக்குப் பதில் விரலில் மை.

கடமை என்று சொல்வதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. கடமை என்றால் தவறு எப்போதும் நம்முடையது. ஓட்டுச் சதவீதம் குறைந்தால் 'மக்களுக்கு அக்கறை இல்லை' என்று தலையங்கம் வரும். உரிமை என்று சொன்னால், அதற்கு வழி செய்துகொடுத்தார்களா என்ற கேள்வி எதிர்ப்பக்கம் திரும்பும்.

திருப்பிப் பார்ப்போமா? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951. அதில் 1996-இல் சேர்க்கப்பட்ட 135பி பிரிவு, ஓட்டுப்பதிவு நாளில் எல்லாத் தொழிலாளர்களுக்கும் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்க வேண்டும் என்கிறது. விடுமுறை நாளுக்குக் கூலி இல்லை என்ற அடிப்படையில் வேலை செய்பவருக்கும், அன்றைக்கு வேலை நடந்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதைக் கொடுக்க வேண்டும். மீறும் முதலாளிக்கு அபராதம், அதிகபட்சம் 500 ரூபாய்.

பட்டாசு, தீப்பெட்டி வேலையில் கூலி எப்படி என்று இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். பெருமளவு பீஸ் ரேட். எத்தனை உருட்டினாய், எத்தனை அடைத்தாய், அதற்கு எத்தனை ரூபாய். 2019-இல் ஏப்ரல் 18, 2021-இல் ஏப்ரல் 6, 2024-இல் ஏப்ரல் 19 என்று தேர்தல் வந்ததெல்லாம் வெயில் காலத்தில். மருந்து காய வெயில் வேண்டும் என்பதால் வேலை மும்முரமாக இருக்கும் பருவமும் அதுதான். அன்றைக்கு ஆபீஸ் மூடியிருக்கும், உண்மை. ஆனால் பீஸ் ரேட்டில் வேலை செய்யும் எத்தனை பெண்களுக்கு அந்த நாளின் கூலி கைக்கு வந்தது? நாங்கள் பேசிப் பார்த்த பெண்களில் அப்படி ஒரு கூலி உண்டு என்பதையே கேள்விப்படாதவர்கள்தான் அதிகம். அவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் ஒரு நாள் கூலியை விட்டுத்தான் ஓட்டுப் போடுகிறார்கள். கடமையைப் பற்றிப் பேசும் பதாகைகளில் 135பி என்று எழுதி நாங்கள் பார்த்ததில்லை. அடுத்த முறை உங்கள் கல்லூரியில் உறுதிமொழி எடுக்கச் சொன்னால், இந்தப் பிரிவையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.

குடவோலையில் நம் ஓலை கிடையாது

'ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழன் வாக்குரிமையோடு வாழ்ந்தான்' என்று ஒரு பெருமை சுற்றிவருகிறது. சாட்சிக்கு உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில், 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டை முழுதாகப் படியுங்கள். அது ஒரு பிராமணச் சபையின் விதி. வாரிய உறுப்பினராகக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். வேதத்தில் கூடுதல் தேர்ச்சி இருந்தால் நிலம் அதில் பாதி இருந்தாலும் போதும். தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் சொன்னார்கள்.

இது குலுக்கல். நிலமும் வேதமும் உள்ளவர்களுக்குள் நடந்த குலுக்கல். பொறுப்பில் இருந்தவர் கணக்குக் காட்டாவிட்டால் தகுதி இழப்பார் போன்ற நல்ல விதிகளும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலத்தை உழுதவர் பெயர் அந்தக் குடத்துக்குள் ஒரு நாளும் விழுந்ததில்லை. இதை வாக்குரிமை என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் அநீதி. நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் குடவோலையைப் படிக்கும்போது 'அந்தக் குடத்தில் நம் ஓலை இருந்ததா, டீச்சர்?' என்று கேட்கப் பழக வேண்டும்.

சொத்துத் தகுதி சோழர் காலத்தோடு போய்விடவில்லை. வெள்ளைக்காரர் கொண்டுவந்த 1919 சட்டத்திலும் சொத்தும் வரியும்தான் ஓட்டுக்கு அளவுகோல். சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜாவும் பின்னர் இரட்டைமலை சீனிவாசனும் உட்கார்ந்தது நியமனத்தில். நம் மக்கள் கையில் அவர்களைத் தேர்ந்தெடுக்க ஓட்டு இல்லை. 1919-இல் சவுத்பரோ குழு முன்னால் நின்று, உயர்ந்த சொத்துத் தகுதி வைத்தால் தீண்டப்படாத மக்களுக்கு ஒன்றும் மிஞ்சாது என்று வாதாடியவர் 27 வயது அம்பேத்கர். 1928-இல் சைமன் குழுவிடம் வயது வந்த அனைவருக்கும் ஓட்டு வேண்டும் என்று கேட்டார். அந்தக் கோரிக்கை அரசமைப்பின் 326-ஆம் உறுப்பாக வந்துசேர மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த பரிசு என்று யாராவது சொன்னால் இந்த ஆண்டுகளை எண்ணிக் காட்டுங்கள்.

'தனி' என்ற அடைப்புக்குறி

விருதுநகர் மாவட்டத்தில் ஏழு சட்டமன்றத் தொகுதிகள். அவற்றில் திருவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் 'தனி' என்று எழுதுவார்கள். தமிழ்நாடு முழுக்கப் பட்டியல் சாதியினருக்கு இப்படி 44 தொகுதிகள். 'தனித்தொகுதி' என்று நாமும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். இந்தச் சொல்லும் சரியாகப் பார்க்கப்பட வேண்டியது.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் மெக்டொனால்டு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பில் நமக்குக் கிடைத்தது உண்மையான தனி: தனி வாக்காளர் தொகுதி. அங்கே நம் பிரதிநிதியை நாம் மட்டுமே தேர்ந்தெடுப்போம். அதோடு பொதுத் தொகுதியிலும் நமக்கு ஓர் ஓட்டு. இதுதான் இரட்டை வாக்குரிமை. நம் ஆளை நாமே அனுப்ப ஒன்று, ஊர்க்கார வேட்பாளரும் நம் தெருவுக்கு வந்து பதில் சொல்ல வைக்க இன்னொன்று. எரவாடா சிறையில் காந்தி செப்டம்பர் 20-இல் உண்ணாவிரதம் தொடங்கினார். 24-இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. மாகாணச் சட்டமன்றங்களில் 71 என்று இருந்த இடங்கள் 148 ஆயின. அதற்கு ஈடாக இரட்டை வாக்குரிமை போனது. இடம் இரண்டு மடங்கு ஆனது, ஓட்டு இரண்டில் இருந்து ஒன்றானது. இரண்டில் எது பெரிய இழப்பு என்று அம்பேத்கர் பிற்பாடு விரிவாக எழுதினார். இடங்களைவிட அந்த இரண்டாவது ஓட்டே விலைமதிப்பற்றது என்பது அவர் முடிவு.

இன்றைய 'தனித்தொகுதி'யில் தனி என்று எதுவும் இல்லை. வேட்பாளர் நம்மவர், தேர்ந்தெடுப்பவர்கள் எல்லோரும். நாம் சிறுபான்மையாக உள்ள இடத்தில், நமக்காகக் கடுமையாகப் பேசுபவர் தோற்பார், யாருக்கும் சங்கடம் தராதவர் வெல்வார். இதற்குச் சரியான பெயர் 'ஒதுக்கீட்டுத் தொகுதி'. அதைத் 'தனி' என்று அழைப்பதால், பறிக்கப்பட்டது இன்னும் நம்மிடம் இருப்பது போன்ற மயக்கம் உண்டாகிறது. 'உங்களுக்குத்தான் தனித்தொகுதியே இருக்கிறதே' என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல முடியாமல் நம் மாணவர்கள் திணறுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒதுக்கீட்டுத் தொகுதி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதுவும் இல்லாவிட்டால் அவையில் நம் முகமே இருக்காது. இருப்பதற்கு அதன் சரியான பெயரைச் சொல்லுங்கள், பறிபோனதை அதன் பெயரில் நினைவில் வையுங்கள் என்கிறோம்.

உள்குத்தகை

பட்டாசுத் தொழிலில் ஒரு சொல் உண்டு: உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில். உள்ளே அறைகளை எடுத்து வேலை நடத்துபவர் வேறொருவர். விபத்து நடந்தால்தான் யார் யாரிடம் குத்தகைக்கு விட்டார் என்று வெளியே வரும்.

ஊராட்சித் தலைவர் பதவி பல ஊர்களில் இப்படித்தான் நடக்கிறது. நாற்காலி நம்மவர் பெயரில். காசோலையும் முத்திரையும் தீர்மானப் புத்தகமும் ஊர்ப் பெரிய வீட்டில். கையெழுத்துப் போட மட்டும் தலைவரைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதிப் பெண் தலைவர் மன்றக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியானது. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவர் தேசியக்கொடி ஏற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். அவர்கள் இருவரும் ஓட்டில் வென்றவர்கள். ஓட்டு எண்ணப்பட்டது, வாக்கு எடுபடவில்லை. விஸ்வநத்தத்து அக்கா சொன்னதும் இதுதான்.

உள்குத்தகைக்கு விடமாட்டேன் என்றவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். 1996-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி ஒதுக்கப்பட்டது. மிரட்டல், வாக்குச்சாவடியில் வன்முறை எல்லாவற்றையும் தாண்டி முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30-இல் அவரையும் அவரோடு இருந்தவர்களையும் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், நம் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் பத்தாண்டுகள் முறையான தேர்தலே நடக்கவிடவில்லை. மனுத் தாக்கல் இல்லாமல் செய்தார்கள். இல்லையென்றால் பொம்மை ஒருவரை நிறுத்தி, வென்ற கையோடு ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கே தலைவர்கள் வந்தார்கள்.

இன்னும் பின்னே போனால் 1957. சிவகாசியும் முதுகுளத்தூரும் அன்றைக்கு ஒரே இராமநாதபுரம் மாவட்டம். முதுகுளத்தூர் இடைத்தேர்தலில் தேவேந்திரர்கள் தங்கள் விருப்பப்படி ஓட்டுப் போட்டார்கள். அந்தத் தேர்தலை ஒட்டி மூண்ட பகையில் ஊர்கள் எரிந்தன. செப்டம்பர் 11-இல் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். 2019-இல் பொன்பரப்பியில் ஓட்டுப்பதிவு நாளன்றே நம் வீடுகள் தாக்கப்பட்டன. வேட்பாளரின் சின்னம் பானை என்பதால் பானையைப் போட்டு உடைத்துவிட்டு வந்து வீடுகளை உடைத்தார்கள். நம் ஓட்டுக்கு மதிப்பே இல்லை என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். மதிப்பில்லாத ஒன்றைத் தடுக்க யாராவது இத்தனை கொலை செய்வார்களா?

தம்பி தங்கைகள் சட்டத்தின் எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2015 திருத்தத்துக்குப் பிறகு, பிரிவு 3(1)-இன் (எல்), (எம்), (என்) ஆகிய மூன்றும் இந்த விஷயத்துக்கானவை. ஓட்டுப் போடாதே, இன்னாருக்குப் போடு, மனுத் தாக்கல் செய்யாதே என்று மிரட்டுவது முதலாவது. ஊராட்சித் தலைவரை, உறுப்பினரை அவர் வேலையைச் செய்யவிடாமல் தடுப்பது இரண்டாவது. தேர்தல் முடிந்த பிறகு அடிப்பது, ஊர்விலக்கம் செய்வது மூன்றாவது. அதாவது ஓட்டுக்கு முன், ஓட்டில், ஓட்டுக்குப் பின் என்று முழுப் பாதையையும் சட்டம் பார்க்கிறது. வாக்குரிமையின் முழுப் பொருளைப் புரிந்துகொண்டு எழுதிய சட்டம் அது. அதை ஓட்டுப்பதிவு நாளோடு சுருக்கிவிட்டவர்கள் நாம்தான்.

கவர் வாங்கியவர் மட்டுமா குற்றவாளி?

இப்போது ஏளனக்காரர்களுக்கு வருவோம். 'காலனிக்காரன் ஐந்நூறுக்கு ஓட்டை விற்கிறான்' என்று டீக்கடையில் இருந்து தொலைக்காட்சி விவாதம் வரை பேச்சு. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலின் பெயரால் ஒரு ஃபார்முலாவே பிறந்தது. 2017-இல் பணப்பட்டுவாடா காரணமாக ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தானது. 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தானது. இவற்றில் பணத்தைக் கொட்டியவர்கள் காலனிக்காரர்களா? கவர் எல்லாத் தெருவுக்கும் போகிறது. அவமானம் மட்டும் நம் தெருவில் இறக்கி வைக்கப்படுகிறது.

ஆனாலும் நமக்குள் நாம் பேசிக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்லவில்லை. இந்தப் பகுதியில் முன்பணம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். தீபாவளி முடிந்து வேலை இல்லாத நாட்களில், பிள்ளையின் ஃபீஸுக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ அட்வான்ஸ் வாங்குவோம். வாங்கிய பிறகு கூலி குறைவு என்று வாய் திறக்க முடியாது. வேறு ஆபீஸுக்குப் போக முடியாது. தேர்தல் கவரும் அதே அட்வான்ஸ்தான். அது ஓட்டை மட்டும் வாங்கவில்லை. அடுத்த ஐந்து வருடத்துக்கு நம் வாயையும் சேர்த்து வாங்குகிறது. தண்ணீர் வரவில்லை என்று போய் நின்றால் 'அதான் குடுத்தோம்ல' என்ற பதில் வரும். ஓட்டை ரகசியமாக யாருக்கும் போடலாம், யாரும் பார்க்க முடியாது. ஆனால் வாக்கு ரகசியமானது இல்லை. அது மறுநாள் அலுவலக வாசலில் நின்று கேட்பது. கவர் பறிப்பது அதைத்தான். காசை மறுப்பது நல்லொழுக்கப் பாடம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அது கேட்கும் உரிமையைக் காப்பாற்றிக்கொள்ளும் தந்திரம்.

பட்டியலில் இல்லாதவருக்கு எந்த வாக்கு?

வாக்குரிமையின் முதல் வாசல் பெயர். 1951-52 பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, தன் பெயரைச் சொல்லாமல் 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்று மட்டும் பதிவாகியிருந்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் நீக்கப்பட்டார்கள். அன்றைக்குப் பெயர் சொல்லக் கூச்சம். இன்றைக்குக் காரணம் வேறு. 2025 நவம்பரில் தமிழ்நாட்டிலும் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19-இல் வெளியான வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு என்று காரணம் சொன்னார்கள். இறந்தவர் பெயரை நீக்க வேண்டியதுதான். ஆனால் காலை ஏழு மணிக்கு வேனில் ஏறி இருட்டும் நேரம் வீடு திரும்பும் குடும்பம், பகலில் வருபவர் கண்ணுக்கு 'இல்லாத' குடும்பம்தான். வாடகை வீடு மாறுவோர், வேலை தேடி வேறு மாவட்டம் போனோர், விபத்தில் ஆவணங்களோடு வீட்டையும் இழந்தோர் ஆகியோரின் பெயர்தான் முதலில் அடிபடும்.

பெயர் அடிபட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை மலையகத்தைப் பாருங்கள். 1931-இலேயே அனைவருக்கும் ஓட்டு வந்த நாடு அது. 1947 தேர்தலில் தோட்டத் தமிழர்கள் தங்கள் பிரதிநிதிகள் ஏழு பேரை அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பகுதி நம் தமிழ் மாவட்டங்களில் இருந்து போன ஒடுக்கப்பட்ட சாதியினர். 1948-இல் குடியுரிமைச் சட்டம். அடுத்த ஆண்டு ஓட்டும் போனது. ஓட்டுப் போன பிறகு அவர்களுக்காகப் பேச அவையில் ஆள் இல்லை. 1964-இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று ஒப்பந்தம் போட்டார்கள். அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பட்டியலில் இருந்து போன பெயர், பதினாறு ஆண்டில் ஊரைவிட்டே போன கதை அது.

நம் நாட்டிலும் இந்த உரிமையின் வேர் நாம் நினைக்கும் அளவுக்கு ஆழமானதில்லை. 1952-இல் நாமக்கல் வேட்பாளர் பொன்னுசாமி தன் மனு நிராகரிக்கப்பட்டதை எதிர்த்துப் போன வழக்கில், ஓட்டுப் போடுவதும் போட்டியிடுவதும் சட்டம் கொடுத்த உரிமைகள், சட்டம் வைத்த வரம்புக்குள் மட்டுமே செல்லும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. அது வெறும் சட்ட உரிமையா, அரசமைப்பு உரிமையா, அடிப்படை உரிமையா என்று நீதிபதிகள் இன்றுவரை ஒரே குரலில் சொல்லவில்லை. 'நமக்கு ஓட்டு எப்போதும் இருக்கும்' என்று மெத்தனமாக இருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இனி எப்படிப் பேசுவோம்?

தோழர்களே, ஒரு சொல்லை மாற்றினால் உலகம் மாறிவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. ஆனால் ஒரு சொல்லுக்குள் அடங்கிய வேலையைப் பிரித்துப் பார்த்தால், நாம் எதை விட்டுவிட்டோம் என்று தெரியும்.

தெருவில் பேசும்போது 'ஓட்டு' என்றே சொல்லுங்கள். மக்கள் சொல்லைத் திருத்த நமக்கு அதிகாரமில்லை. 'வாக்குரிமை' என்று சொல்லும் இடத்தில் அதன் ஐந்து படிகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்: பட்டியலில் பெயர், அன்றைய கூலி, மிரட்டல் இல்லாத ஓட்டு, போட்டியிடும் துணிவு, வென்றவருக்கு நாற்காலி. இதில் ஒன்று குறைந்தாலும் வாக்குரிமை இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். 'கடமை' என்ற பதாகை கையில் கொடுக்கப்பட்டால் கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள். 'தனித்தொகுதி' என்று எழுத வரும்போது ஒரு நொடி நின்று 'ஒதுக்கீட்டுத் தொகுதி' என்று எழுதுங்கள்.

பிறகு வேலை. உங்கள் தெருவின் வாக்காளர் பட்டியலை எடுத்து வீடு வீடாகச் சரிபாருங்கள். வேன் வந்து இறக்கிவிடும் நேரத்துக்குப் போங்கள், பகலில் போகாதீர்கள். சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றவும் திருத்தவும் படிவம் 8. யாராவது நம் பெயரை நீக்கச் சொல்லிப் படிவம் 7 கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஓட்டுப்பதிவுக்கு முந்தின வாரம் 135பி பிரிவைத் தமிழில் அச்சடித்து ஆபீஸ் வாசல்களில் கொடுங்கள். தேர்தல் முடிந்த பிறகும் போங்கள். கிராமசபையில் நம் பெண்கள் எழுந்து பேசியது தீர்மானப் புத்தகத்தில் அவர்கள் சொன்னபடியே ஏறியதா என்று வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அந்த அக்காவின் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம். அவருக்கு நாங்கள் சொல்ல வேண்டிய பதில் இன்னும் பாக்கி இருக்கிறது. அடுத்த கிராமசபைக்கு அவரை அழைத்துப் போகிறோம். தெருவிளக்கு பற்றியும் வேனில் ஆட்களை அடைத்து ஏற்றுவது பற்றியும் பேசப்போவதாகச் சொல்லியிருக்கிறார். நாலு பேர் கேட்பார்களா என்பது அன்றைக்குத் தெரியும். கேட்க வைக்க நாங்கள் பத்துப் பேர் போகிறோம். நீங்களும் வாருங்கள்.

ஜெய் பீம்.